நான்கு மணி வகுப்பு இல்லை: செயலியொன்றுக்கு அறிவித்தல் வசதியை அமைக்கும் முறை

வெள்ளவத்தையில் மாலை நேர வகுப்புகளை நடத்தும் ஒரு கல்வி நிலையத்துக்குச் செயலி செய்து கொடுத்தபோது நிர்வாகி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பிற்பகல் இரண்டரைக்கு மழை பிடித்துக் காலி வீதியில் வாகனங்கள் அசையாமல் நின்றால், நான்கு மணி வகுப்பு இல்லை என்ற செய்தி, பிள்ளைகள் வீட்டை விட்டுப் புறப்படுமுன் பெற்றோரின் தொலைபேசியில் ஒலிக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அது காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடுகிறது. குறுஞ்செய்தியாக அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் காசு. மிஞ்சியிருப்பது செயலியின் வழியாக வரும் அறிவித்தல், அதாவது எல்லோரும் புஷ் நோட்டிபிகேஷன் என்று சொல்வது.

இதை முதன்முறையாக அமைக்கப் போகிறவருக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். புளட்டரிலோ, கொட்லினிலோ, ஸ்விப்டிலோ சிறிய செயலியொன்றைச் செய்து தொலைபேசியில் ஓடவிடத் தெரிந்தால் போதும். ஓர் எச்சரிக்கையை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எழுத வேண்டிய நிரல் மிகக் குறைவு, அது ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். யாருடைய தொலைபேசி எது, அவர் சம்மதித்தாரா, இந்தச் செய்தி எத்தனை மணிவரை செல்லும் என்ற கணக்குகளைச் சரியாக வைத்திருப்பதற்குத்தான் நாட்கள் பிடிக்கும்.

உள்ளே நடப்பது என்ன

உங்கள் சேர்வர் பெற்றோரின் தொலைபேசியோடு நேரடியாகப் பேசுவதில்லை. அன்ரோயிட் தொலைபேசி கூகுளுடனும் ஐபோன் அப்பிளுடனும் ஓர் இணைப்பை எந்நேரமும் திறந்தே வைத்திருக்கின்றன. எல்லாச் செயலிகளுக்குமான அறிவித்தல்களும் அந்த ஒரே இணைப்பின் வழியாகவே வருகின்றன. ஒவ்வொரு செயலியும் தனக்கென ஓர் இணைப்பைத் திறந்து வைத்திருந்தால் பற்றரி நண்பகலுக்குள் தீர்ந்துவிடும் என்பதாலேயே இந்த ஏற்பாடு. உங்கள் செயலி முதல் தடவை ஓடும்போது அந்தத் தொலைபேசியிலுள்ள அந்தச் செயலிக்கென்று நீண்ட எழுத்துத் தொடர் ஒன்று வழங்கப்படுகிறது. அதற்கு டோக்கன் என்று பெயர். செய்தியையும் டோக்கனையும் சேர்த்து நீங்கள் கூகுளிடம் ஒப்படைக்கிறீர்கள். அன்ரோயிட் என்றால் கூகுளே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஐபோன் என்றால் அதை அப்பிளின் ஏ.பி.என்.எஸ். சேவையிடம் கையளிக்கிறது.

கூகுளின் இந்தச் சேவைக்கு இப்போதைய பெயர் பயர்பேஸ் கிளவுட் மெசேஜிங், சுருக்கமாக எப்.சி.எம். அப்பிள் தன்னுடைய சேவையை 2009இல் திறந்தது. கூகுள் 2010இல் ஒன்றைத் தொடங்கி, 2012இல் அதை ஜி.சி.எம். என்று மாற்றி, 2016இல் எப்.சி.எம். ஆக்கியது. இந்தப் பழங்கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பாதிக்கு மேல் பழைய முறையையே சொல்லித் தருகின்றன. ‘சேர்வர் கீ’ என்ற ஒரு நீண்ட சாவியைக் கோரிக்கையின் ஹெடரில் வைத்து அனுப்பும்படி ஒரு பாடம் சொன்னால், அதை அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள். அந்தப் பழைய வழியைக் கூகுள் 2024இல் மூடத் தொடங்கிவிட்டது. இன்று வேலை செய்வது வி1 எனப்படும் ஏ.பி.ஐ., அதாவது உங்கள் சேர்வர் கூகுளோடு பேசும் புதிய வாயில், மட்டுமே.

தொடங்குமுன் சேர்த்து வைக்க வேண்டியவை

ஒரு கூகுள் கணக்கு வேண்டும். அது உங்கள் சொந்தக் கணக்காக இல்லாமல் வாடிக்கையாளரின் நிறுவனத்துக்கென்று திறந்த கணக்காக இருப்பது நல்லது. பின்னாளில் வேலையை வேறொருவரிடம் கொடுக்கும்போது வரும் மனக்கசப்பு இதனால் குறையும். எப்.சி.எம். சேவைக்குக் கட்டணம் இல்லை. ஐபோனுக்கும் அனுப்புவதென்றால் அப்பிளின் டெவலப்பர் திட்டத்தில் சேர்ந்தே ஆக வேண்டும், அதற்கு ஆண்டுக்கு 99 அமெரிக்க டொலர். இலவச அப்பிள் கணக்கால் செயலியை உங்கள் ஐபோனில் ஓடவிடலாம், ஆனால் அறிவித்தல் வசதியைத் திறக்க முடியாது. ரூபாயில் கணக்குப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு இதை விலை பேசும்போதே சொல்லிவிட வேண்டும். முடிவில் சொன்னால் அந்தக் காசு உங்கள் கையிலிருந்துதான் போகும்.

உண்மையான தொலைபேசிகளும் வேண்டும். கணினியில் ஓடும் போலித் தொலைபேசியில் எல்லாம் அழகாக வரும். பெற்றோரின் கையில் இருப்பதோ நான்கு வருடம் பழகிய, சேமிப்பிடம் நிரம்பிய, பற்றரிச் சிக்கனம் எப்போதும் இயங்கும் தொலைபேசி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போய்ப் பாவித்த அன்ரோயிட் ஒன்றை, முடிந்தால் வேறு உற்பத்தியாளரின் இன்னொன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2019இன் பின்னர் வந்த ஹுவாவே தொலைபேசிகள் பலவற்றில் கூகுள் சேவைகள் இல்லை, அவற்றுக்கு எப்.சி.எம். வழியாக எதுவும் போகாது, ஹுவாவேயின் சொந்த புஷ் கிட் சேவையைத் தனியாக இணைக்க வேண்டும். உங்கள் பயனர்களில் அத்தகைய தொலைபேசி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று முதலில் கேட்டுப் பார்த்துவிட்டு அந்த வேலையில் இறங்குவதா என்று முடிவுசெய்யலாம்.

பயர்பேஸில் செயற்றிட்டத்தைத் திறத்தல்

பயர்பேஸின் நிர்வாகத் தளமான கொன்சோலுக்குள் நுழைந்து புதிய செயற்றிட்டம் ஒன்றை உருவாக்குங்கள். இரண்டு உருவாக்குவது இன்னும் நல்லது: ஒன்று பரீட்சித்துப் பார்க்க, மற்றையது உண்மையான பயனர்களுக்கு. அன்ரோயிட் செயலியைச் சேர்க்கும்போது அதன் பெக்கேஜ் பெயரை நிரலில் உள்ளபடி ஓர் எழுத்தும் பிசகாமல் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் ‘கூகுள்-சேர்விசஸ்’ என்ற ஜேசன் கோப்பு ஒன்று தரப்படும். அதை அன்ரோயிட் கோப்புறைக்குள் இருக்கும் ‘அப்’ கோப்புறையில் வையுங்கள். ஐபோன் செயலிக்கு அதேபோல் பண்டில் இலக்கத்தைக் கொடுத்துப் பிளிஸ்ட் கோப்பைப் பெற்று, ஐபோன் செயலிகளைச் செய்யும் அப்பிளின் மென்பொருளான எக்ஸ்கோட் வழியாகவே செயற்றிட்டத்தில் சேர்க்க வேண்டும். கோப்புறைக்குள் வெறுமனே நகலெடுத்துப் போட்டால் எக்ஸ்கோட் அதைக் கண்டுகொள்ளாது. புளட்டரில் எழுதுகிறவர்களுக்கு இந்த இரண்டையும் ஒரே கட்டளையில் முடித்துத் தரும் புளட்டர்பயர் என்ற கருவி உண்டு.

அதன் பின் பயர்பேஸ் கோர், பயர்பேஸ் மெசேஜிங் என்ற இரண்டு பொதிகளையும் சேர்த்து, செயலி தொடங்கும் இடத்தில் பயர்பேஸை ஆரம்பிக்கும் வரியை எழுத வேண்டும். இந்தக் கட்டத்தில் பெரிதாகத் தவறுவதற்கு எதுவுமில்லை.

ஐபோனுக்கு மேலதிகமாகச் செய்ய வேண்டியவை

அப்பிளின் டெவலப்பர் தளத்தில் ‘கீஸ்’ என்ற பகுதிக்குச் சென்று ஏ.பி.என்.எஸ். வசதிக்கென ஒரு சாவியை உருவாக்குங்கள். பி8 என்று முடியும் ஒரு கோப்பு கிடைக்கும். இதை ஒரே ஒரு தடவைதான் இறக்கிக்கொள்ளலாம். பக்கத்தை மூடிய பின்னர் அப்பிள் அதை மீண்டும் தராது. ஆகவே கிடைத்த கையோடு பாதுகாப்பான இரண்டு இடங்களில் வைத்துவிட்டு, சாவியின் பத்து எழுத்து இலக்கத்தையும் அப்பிள் உங்கள் டெவலப்பர் குழுவுக்குத் தந்த பத்து எழுத்து இலக்கத்தையும் சேர்த்து மூன்றையும் பயர்பேஸ் கொன்சோலில் மெசேஜிங் அமைப்புப் பக்கத்தில் ஏற்றுங்கள். சாவிக்குப் பதிலாகச் சான்றிதழைப் பயன்படுத்தும் பழைய முறையும் இருக்கிறது. ஆனால் சான்றிதழ் ஓராண்டில் காலாவதியாகும், ஒரு நாள் காலையில் எல்லா ஐபோன்களும் சத்தமின்றி அடங்கிவிடும். சாவி காலாவதியாவதில்லை என்பதால் புதிதாகத் தொடங்குகிறவர் சான்றிதழின் பக்கம் போகவே தேவையில்லை.

எக்ஸ்கோட்டில் ‘புஷ் நோட்டிபிகேஷன்ஸ்’ என்ற வல்லமையையும், பின்னணி இயக்கங்களுக்குள் ‘ரிமோட் நோட்டிபிகேஷன்ஸ்’ என்பதையும் சேர்க்க வேண்டும். முதலாவதை மறந்தால் டோக்கனே கிடைக்காது. ஐபோனில் அப்பிளின் டோக்கன் வந்த பிறகுதான் எப்.சி.எம். டோக்கன் உருவாகும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். செயலி திறந்த மறுகணமே டோக்கனைக் கேட்டால் சில வேளைகளில் வெறுமையே திரும்பி வரும். சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்குமாறு எழுதிவிட்டால் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

அனுமதியை எப்போது கேட்பது

புதியவர்கள் அதிகமாகத் தவறுவது இந்த இடத்தில்தான் என்பது என் அனுபவம். ஐபோனில் அறிவித்தலுக்கான அனுமதிப் பெட்டி ஒரே ஒரு முறைதான் தோன்றும். பயனர் மறுத்துவிட்டால் அவராகவே அமைப்புகளுக்குள் போய்த் திறந்தால் ஒழிய உங்களுக்கு வேறு வழி கிடையாது. அன்ரோயிட்டில் முன்பெல்லாம் கேட்காமலே அனுப்பலாம். 2022இல் வந்த அன்ரோயிட் 13 முதல் அங்கும் அனுமதி கட்டாயம், இரண்டு தடவை மறுத்தால் பெட்டி மீண்டும் வராது. ஆனாலும் பெரும்பாலான செயலிகள் திறந்த முதல் நொடியிலேயே, பயனர் பெயர்கூடக் கொடுக்காத நிலையில், இந்தப் பெட்டியை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டுகின்றன. பழக்கதோஷத்தில் அவர் ‘வேண்டாம்’ என்று அழுத்துவார். அந்தப் பயனரை நீங்கள் அத்தோடு இழந்துவிட்டீர்கள்.

நாங்கள் செய்தது இதுதான். பெற்றோர் உள்நுழைந்து, பிள்ளை படிக்கும் வகுப்புகளைத் தெரிவுசெய்து முடித்த பின்னர், செயலியின் சொந்தத் திரையொன்றில் ‘வகுப்பு இரத்தானால் அல்லது நேரம் மாறினால் உடனே அறியத் தரவா?’ என்று தமிழில் கேட்டோம். ‘ஆம்’ என்று அழுத்தியவருக்கு மட்டுமே தொலைபேசியின் உண்மையான அனுமதிப் பெட்டியைக் காட்டினோம். ‘பிறகு’ என்றவரிடம் அந்தப் பெட்டியை வீணாக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, நேர அட்டவணையை அவர் திறந்து பார்த்த ஒரு தருணத்தில் மீண்டும் கேட்டோம். தன் பிள்ளையின் கணித வகுப்பு மாறியிருப்பதைத் திரையில் அப்போதுதான் பார்த்த ஒரு தாய் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

அன்ரோயிட்டுக்கே உரிய இன்னொரு விடயம் சனல் எனப்படும் வகைப்பிரிவு. அன்ரோயிட் 8 முதல் ஒவ்வோர் அறிவித்தலும் ஏதாவது ஒரு சனலைச் சேர்ந்திருக்க வேண்டும். ‘வகுப்பு மாற்றங்கள்’ என்று ஒன்றும் ‘பொதுச் செய்திகள்’ என்று ஒன்றும் தனித்தனியாக வைத்தால், விளம்பரத்தில் சலிப்படைந்தவர் இரண்டாவதை மட்டும் மௌனமாக்குவார், முதலாவது தப்பும். சனலின் முக்கியத்துவ அளவை முதலில் உருவாக்கும்போதே தீர்மானிக்க வேண்டும். பிறகு அதை உயர்த்துவது செயலியின் கையில் இல்லை, பயனரின் கையில்தான் இருக்கிறது. அறிவித்தலுக்கான சிறு படத்தையும் இங்கேயே கவனித்துக்கொள்ளுங்கள். அது ஒளி ஊடுருவும் பின்னணியில் வெள்ளை நிறத்தால் மட்டும் வரைந்த உருவமாக இருக்க வேண்டும். நிர்வாகி ஆசையாகக் கொடுத்த பல வண்ண இலச்சினையை அப்படியே வைத்தேன். திரையின் உச்சியில் ஒரு வெள்ளைச் சதுரம் மட்டுமே தெரிந்தது.

டோக்கன் கணக்கு

டோக்கன் கிடைத்ததும் அதை உங்கள் சேர்வருக்கு அனுப்பித் தரவுத்தளத்தில் வைக்க வேண்டும். பலர் பயனர் அட்டவணையில் ‘டோக்கன்’ என்று ஒரு நெடுவரிசையை மட்டும் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். அப்படிச் செய்தால் தந்தை அலுவலகத் தொலைபேசியில் உள்நுழைந்ததும் வீட்டுத் தொலைபேசியின் டோக்கன் அழிந்துவிடும். டோக்கன்களுக்கெனத் தனி அட்டவணை ஒன்றை வைத்து, ஒவ்வொரு வரியிலும் டோக்கன், பயனர் இலக்கம், அன்ரோயிட்டா ஐபோனா என்ற குறிப்பு, தெரிவுசெய்த மொழி, கடைசியாக இந்த டோக்கனைக் கண்ட நாள் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். ஒரு பயனருக்குப் பல டோக்கன்கள் இருக்கலாம். ஆனால் ஒரு டோக்கன் ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே உரியது. இந்த இரண்டாவது நிபந்தனையைத் தரவுத்தளமே காக்கும்படி அமைப்பது அவசியம்.

ஏன் அவசியம் என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன். நம் வீடுகளில் தொலைபேசிகள் கை மாறுகின்றன. அக்கா புதியது வாங்கினால் பழையது தம்பிக்குப் போகும். முன்னர் நான் செய்த ஒரு செயலியில் வெளியேறும் பொத்தானை அழுத்தினால் திரை மட்டும் மாறியது, டோக்கன் பழைய பெயரிலேயே கிடந்தது. தம்பி தன் கணக்கில் நுழைந்த பின்னரும் அக்காவுக்கான நினைவூட்டல்கள் அவனுடைய திரையில் வந்துகொண்டிருந்தன. வீட்டுக்குள் என்பதால் சிரிப்போடு முடிந்தது. விற்ற தொலைபேசியாக இருந்திருந்தால் சிரித்திருக்க முடியாது. வெளியேறும்போது சேர்வரிலுள்ள வரியை நீக்குவதோடு, தொலைபேசியிலுள்ள டோக்கனையும் அழித்துவிடச் சொல்லுங்கள். மீண்டும் உள்நுழையும்போது புதியது கிடைக்கும்.

டோக்கன் நிரந்தரமானதும் அல்ல. செயலியை நீக்கி மீண்டும் நிறுவினாலோ, புதிய தொலைபேசிக்கு மாறினாலோ, செயலியின் தரவை அழித்தாலோ அது மாறும். ஆகவே மாற்றத்தை அறிவிக்கும் நிகழ்வுக்குக் காதுகொடுத்து எழுதுவதோடு, செயலி திறக்கும் ஒவ்வொரு முறையும் டோக்கனைச் சேர்வருக்கு அனுப்பி நாளைப் புதுப்பியுங்கள். அன்ரோயிட்டில் 270 நாட்கள் அசையாதிருக்கும் டோக்கனைக் கூகுளே காலாவதியானதாக எண்ணிவிடும். நீங்கள் அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. ஓரிரு மாதங்களாகக் காணாத டோக்கன்களைத் தனியே ஒதுக்கி வைத்தால், அனுப்பியவற்றில் எத்தனை போய்ச் சேர்ந்தன என்ற உங்கள் கணக்காவது பொய் சொல்லாமல் இருக்கும்.

முதல் செய்தி

இப்போது சேர்வர் எதுவும் இல்லாமலே பரீட்சித்துப் பார்க்கலாம். டோக்கனைச் செயலியின் பதிவேட்டில் அச்சிடச் செய்து நகலெடுங்கள். கொன்சோலின் மெசேஜிங் பகுதியில் தலைப்பையும் வாசகத்தையும் எழுதி, ‘சோதனைச் செய்தி அனுப்பு’ என்ற பொத்தானை அழுத்தி, அந்த டோக்கனை ஒட்டுங்கள். அழுத்துமுன் செயலியைப் பின்னணிக்குத் தள்ளிவிடுங்கள். செயலி திரையில் திறந்திருக்கும்போது வரும் அறிவித்தலை அன்ரோயிட் தானாகக் காட்டாது, உங்கள் நிரலிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். ஐபோனும் நீங்கள் காட்டச் சொன்னால்தான் காட்டும். ‘வரவில்லை’ என்று என்னை அழைத்த நண்பர்களில் பலர் அந்த நேரத்தில் தங்கள் செயலியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

இங்கே இரண்டு வகைச் செய்திகளைப் பிரித்தறிய வேண்டும். தலைப்பும் வாசகமும் உள்ள அறிவித்தல் வகையைச் செயலி பின்னணியில் இருக்கும்போது தொலைபேசியே காட்டிவிடும். தரவு வகையோ எதையும் காட்டாது. உங்கள் நிரல் எழுந்து என்ன செய்வதென்று தீர்மானிக்க வேண்டும். தொடக்கத்தில் முதல் வகையையே எடுத்து, அதனோடு வகுப்பின் இலக்கத்தைத் தரவாகச் சேர்த்து அனுப்புங்கள். பெற்றோர் அறிவித்தலைத் தட்டும்போது அந்த இலக்கம் நிரலுக்குக் கிடைக்கும், உரிய வகுப்பின் பக்கத்தைத் திறக்கலாம். தட்டினால் முகப்புக்குக் கொண்டுபோய் விட்டுவிடும் செயலி அரைகுறை வேலை என்பது என் கருத்து.

சேர்வரிலிருந்து அனுப்புதல்

பயர்பேஸ் கொன்சோலின் அமைப்புகளில் ‘சேர்விஸ் அக்கவுண்ட்’ பகுதிக்குச் சென்று ஒரு தனிச்சாவியை உருவாக்கினால் ஜேசன் கோப்பொன்று இறங்கும். செயலிக்குள் வைத்த கோப்பு வேறு, இது வேறு. இந்தக் கோப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் உங்கள் பெயரில் எல்லாப் பயனருக்கும் எதையும் அனுப்பலாம். அதைச் செயலிக்குள் வைக்கக் கூடாது, கிட்ஹப்பில் ஏற்றக் கூடாது, வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பவும் கூடாது. சேர்வர் இதைக் கொண்டு ஒரு மணி நேரம் மட்டுமே செல்லுபடியாகும் அனுமதிச் சீட்டைப் பெற்று, அதைக் காட்டி வி1 ஏ.பி.ஐ.க்கு அனுப்புகிறது. நோட், பைதன், ஜாவா போன்றவற்றுக்குக் கூகுள் தரும் அட்மின் நூலகம் இந்தச் சீட்டு வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். ஒரே அழைப்பில் 500 டோக்கன்கள் வரை கொடுக்கலாம். எங்கள் நிலையத்தின் பெற்றோர் அனைவருக்கும் ஒரே அழைப்புப் போதுமாக இருந்தது.

எல்லோருக்கும் ஒரே செய்தி என்றால் டொபிக் என்ற வசதி உண்டு. ‘தரம் பத்து கணிதம்’ என்ற டொபிக்கில் தொலைபேசியைச் சேர்த்துவிட்டால், டோக்கன்களைப் பட்டியலிடாமல் டொபிக்கின் பெயருக்கே அனுப்பலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட பிள்ளையைப் பற்றிய எதையும் இந்த வழியில் அனுப்பாதீர்கள். டொபிக்கில் யார் சேர்கிறார் என்பதை அது காவல் காப்பதில்லை.

செய்திக்கு ஆயுள் நிர்ணயிப்பதைப் பெரும்பாலான பாடங்கள் சொல்லாமலே விட்டுவிடுகின்றன. தொலைபேசி அணைந்திருந்தால் கூகுள் செய்தியை வைத்திருந்து பிறகு சேர்க்கும். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் நான்கு வாரம் வரை வைத்திருக்கும். செவ்வாய்க்கிழமை வகுப்பு இல்லை என்ற செய்தி வெள்ளிக்கிழமை வந்து ஒலித்தால், அந்த வாரக் கடைசியில் பிள்ளை வகுப்புக்கு வராமல் இருந்துவிடும். ஒரு மணிக்கு அனுப்பும் நான்கு மணி வகுப்புச் செய்திக்கு ஆயுளை 10,800 விநாடி, அதாவது மூன்று மணி நேரம் என்று வையுங்கள். அதே வகுப்பைப் பற்றி இரண்டாவது திருத்தம் அனுப்ப நேர்ந்தால், அன்ரோயிட்டில் இரண்டுக்கும் ஒரே அடையாளப் பெயரைக் கொடுத்தால் பழையதன் இடத்தில் புதியது வந்து அமரும். ஐபோனுக்கும் இதற்கிணையான ஹெடர் உண்டு. முன்னுரிமையையும் கவனிக்க வேண்டும். மேசையில் அசையாமல் கிடக்கும் அன்ரோயிட் தொலைபேசி பற்றரியைச் சேமிக்க உறக்கத்துக்குப் போகிறது. சாதாரண முன்னுரிமைச் செய்தி அது விழிக்கும்வரை காத்திருக்கும், உயர் முன்னுரிமைச் செய்தி அதை எழுப்பும். வகுப்பு இரத்துக்கு உயர்வு, புதிய பாடநெறி பற்றிய செய்திக்குச் சாதாரணம் என்று பிரித்து வையுங்கள்.

நேரம் குறித்து அனுப்பும்போது சேர்வரின் மணிக்கூட்டைப் பார்க்க மறக்காதீர்கள். வாடகைச் சேர்வர்கள் பொதுவாக யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன, கொழும்பு அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இரவு எட்டு மணிக்கென்று நான் குறித்த ‘நாளைக்குப் பரீட்சை’ நினைவூட்டல் அதிகாலை ஒன்றரைக்கு எல்லா வீட்டிலும் ஒலித்தது. மறுநாள் காலை நிர்வாகியின் தொலைபேசி அழைப்பை எடுக்க எனக்குக் கை வரவில்லை. வாராந்த நினைவூட்டல்களை வைக்கிறவர்கள் போயா விடுமுறைகளின் பட்டியலையும் சேர்வருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

வாசகமும் மொழியும்

ஒரு செய்தியின் மொத்த அளவு 4,096 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும், எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யு.டி.எப்.-8 முறையில் தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகளாகவே எண்ணப்படும். ‘வணக்கம்’ என்ற சொல் மட்டும் 21 பைட். அறிவித்தல் வாசகத்துக்கு இது தாராளமாகப் போதும் என்றாலும், தரவுப் பகுதியில் முழு நேர அட்டவணையைத் திணிக்க முயல்கிறவருக்குப் போதாது. அட்டவணையைச் சேர்வரில் வைத்து, இலக்கத்தை மட்டும் அனுப்புங்கள்.

திரையில் தெரிவது முதல் சில சொற்களே. நிர்வாகி எழுதித் தந்த முதல் வாசகம் ‘அன்பார்ந்த பெற்றோர்களுக்கு எமது நிலையத்தின் பணிவான அறிவித்தல் யாதெனில்’ என்று தொடங்கியது. என் தொலைபேசியில் ‘அன்பார்ந்த பெற்றோர்களுக்கு எமது’ என்பதோடு மூன்று புள்ளி விழுந்தது. அதை ‘இன்று 4 மணி கணித வகுப்பு இல்லை’ என்று தலைப்பாக்கி, ‘மழை காரணமாக ஒத்திவைப்பு. சனி காலை 8.30க்கு நடைபெறும்’ என்று வாசகத்தில் எழுதினோம். மரியாதை குறைந்துவிட்டதே என்று அவர் சற்று வருந்தினார். பெற்றோர் எவரும் அப்படிச் சொல்லவில்லை.

பூட்டிய திரையிலும் இந்த வாசகம் தெரியும் என்பதை மறக்கக் கூடாது. கட்டண நிலுவை, பரீட்சைப் புள்ளி போன்றவற்றை நேரடியாக எழுதாமல், ‘உங்கள் கணக்கில் ஒரு புதிய குறிப்பு உள்ளது’ என்று மட்டும் அனுப்பி, உள்ளே நுழைந்து பார்க்கச் செய்யுங்கள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரும் வாசிக்கக் கூடிய இடம் அது.

மொழியைத் தொலைபேசியின் அமைப்பிலிருந்து ஊகிக்க வேண்டாம். கொழும்பில் ஆங்கிலத்தில் தொலைபேசியை வைத்துக்கொண்டு தமிழிலும் சிங்களத்திலும் வாசிப்பவர்கள் ஏராளம். பதிவுசெய்யும்போதே மூன்று மொழிகளையும் காட்டிக் கேட்டு, டோக்கன் வரியில் குறித்துவிட்டு, அனுப்பும்போது மொழிவாரியாகப் பிரித்து அனுப்புவதே சுலபமான வழி. விளம்பரச் செய்திகளுக்குத் தனியான சம்மதம் கேளுங்கள், வேண்டாம் என்று நிறுத்தும் வழியையும் செயலிக்குள்ளேயே வையுங்கள். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பயனரின் தொலைபேசியோடு பெயரைச் சேர்த்து வைத்திருக்கும் எவரும் அதை ஒரு முறையாவது வாசித்திருக்க வேண்டும்.

வந்து சேராதபோது

அனுப்பிய சேர்வருக்கு ‘வெற்றி’ என்று பதில் வந்தால், கூகுள் அதை ஏற்றுக்கொண்டது என்பது மட்டுமே பொருள். தொலைபேசி ஒலித்ததா, எவரும் பார்த்தாரா என்பது அந்தப் பதிலில் இல்லை. ஆகவே நிர்வாகியிடம் ‘312 பேருக்குப் போய்ச் சேர்ந்தது’ என்று சொல்லாமல், ‘312 பேருக்கு அனுப்பப்பட்டது’ என்று சொல்லப் பழகுங்கள்.

பிழை என்று பதில் வந்தால் அதன் இலக்கத்தை வாசியுங்கள். 404 வந்து டோக்கன் பதிவில் இல்லை என்று சொன்னால், அந்த வரியை உடனே அழித்துவிடலாம். 403 வந்து அனுப்புநர் பொருந்தவில்லை என்றால், பரீட்சைச் செயற்றிட்டத்தின் டோக்கனுக்கு உண்மையான செயற்றிட்டத்தின் சாவியால் அனுப்புகிறீர்கள். 401 ஐபோன்களுக்கு மட்டும் வந்தால், பி8 சாவியோ குழு இலக்கமோ தவறாக ஏற்றப்பட்டிருக்கும். 400 வந்தால் அவசரப்பட்டு டோக்கன்களை அழிக்காதீர்கள். உங்கள் செய்தியின் வடிவிலேயே பிழை இருக்கலாம், ஒரு காற்புள்ளிக்காக அனைத்துப் பெற்றோரையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவீர்கள். 429, 503 ஆகியவை சற்றுப் பொறுத்து மீண்டும் முயலச் சொல்பவை. அப்படி முயலும்போது ஒவ்வொரு தடவையும் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

பிழையே இல்லாமல் ஒருவருக்கு மட்டும் வரவில்லையென்றால், அந்தத் தொலைபேசியைக் கையில் வாங்கிப் பார்ப்பதைவிட விரைவான வழி கிடையாது. செயலியின் அறிவித்தல் அனுமதி திறந்திருக்கிறதா, அந்தச் சனல் மௌனமாக்கப்பட்டிருக்கிறதா, ‘தொந்தரவு செய்யாதே’ இயங்குகிறதா, டேட்டா முடிந்துவிட்டதா என்று அந்த வரிசையிலேயே பாருங்கள். அதன் பின் பற்றரி அமைப்புக்குள் போங்கள். சில உற்பத்தியாளர்களின் அன்ரோயிட் தொலைபேசிகள் பின்னணியிலுள்ள செயலிகளைக் கண்மூடித்தனமாக நிறுத்துகின்றன. அங்கே உங்கள் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கிவிட வேண்டியிருக்கும். அமைப்புகளுக்குள் போய்ச் செயலியை வலிந்து நிறுத்தும் பொத்தானை எவராவது அழுத்தியிருந்தால், அவர் மீண்டும் செயலியைத் திறக்கும்வரை அன்ரோயிட் எந்தச் செய்தியையும் அதற்குக் கொடுக்காது. தொலைபேசி வேகமாக ஓடும் என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு தந்தை ஒவ்வோர் இரவும் எல்லாச் செயலிகளையும் அப்படி நிறுத்திவிட்டே உறங்கினார். காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது.